அப்துல்லாபுரம் ஓடுபாதை: மானியம் எதுக்கு வருது, எதுக்கு வரல?

வேலூர், ஆம்பூர் பக்கம் இருந்து கேட்கிறவங்க ரொம்ப நாளா அனுப்புற கேள்வி இது: "நம்ம ஊர் ஏர்போர்ட்டுக்கு அரசாங்கம் பணம் கொடுத்துச்சே, ஓடுபாதை போட்டாங்க, டெர்மினல் கட்டினாங்க, டவர் கட்டினாங்க. ஏன் விமானம் வரல?" பதில் தெரியணும்னா முதல்ல அந்தப் பணம் எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கணும்.

அப்துல்லாபுரம் விமானத்தளம் பிரிட்டிஷ் காலத்தது. உரிமை இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கு. 2016 அக்டோபரில் மத்திய அரசு உடான் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சேலம், நெய்வேலி, தஞ்சாவூர், ராமநாதபுரத்தோட வேலூரும் அதில் இடம்பிடிச்சது.

உடானில் ரெண்டு பணம் இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். முதலாவது, கட்டுமானப் பணம். பயன்படாம கிடக்கிற விமானத்தளங்களைப் புதுப்பிக்க 2017-ல் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய 4,500 கோடி ரூபாய். ஓடுபாதை, டாக்ஸிவே, விமானம் நிற்கிற ஏப்ரன், டெர்மினல் எல்லாம் இதில் வரும். ரெண்டாவது, விமான நிறுவனத்துக்குப் போற பணம். பாதி சீட்டை மலிவு விலையில் விக்கணும், அதில் விழுகிற நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். இதில் 80 சதவீதம் மத்தியிலிருந்து, 20 சதவீதம் மாநிலத்திலிருந்து. மத்தியப் பங்குக்கான பணம், பெரிய தடங்களில் பறக்கிற விமானங்கள் மேல போடுற ஒரு கட்டணத்திலிருந்து வருது. அதாவது சென்னை-டெல்லி டிக்கெட் வாங்கின ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரரும் இதுக்குக் காசு கட்டியிருக்கார். இந்த உதவி மூணு வருஷத்துக்குத்தான்.

இதுக்கு மேல மாநில அரசு நிலத்தை வில்லங்கம் இல்லாம, இலவசமா கொடுக்கணும். போலீஸ், தீயணைப்பு இலவசம். விமான எரிபொருள் மேல வரி 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது.

சரி, இப்போ ஓடுபாதைக்கு வருவோம். எல்லாத்தையும் தீர்மானிக்கிறது அதோட நீளம்தான். வேலூர் ஓடுபாதை 800 மீட்டரை ஒட்டித்தான் இருக்கு. சேலத்தில் சுமார் 1,800 மீட்டர். சென்னை மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கு மேல. 800 மீட்டரில் இறங்கக்கூடிய பயணிகள் விமானம்னா டோர்னியர் 228, ட்வின் ஆட்டர் மாதிரி 19 சீட் விமானங்கள், இல்லேன்னா 9 சீட் செஸ்னா. டோர்னியரை கான்பூரில் எச்ஏஎல் தயாரிக்குது. அலையன்ஸ் ஏர் 2022 ஏப்ரலில் அதை அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு ஓட்ட ஆரம்பிச்சது. மலையும் ஆறும் இருக்கிற ஊர். அங்கே 19 சீட்டுக்கு ஓர் அர்த்தம் இருக்கு.

வேலூரில்? 19 சீட்டை வச்சுப் பேசப்பட்ட ஊர்கள் சென்னையும் பெங்களூரும். காட்பாடியிலிருந்து வந்தே பாரத் ரெண்டு மணி நேரத்துக்குள்ள சென்னை சேர்த்துடும். ஆம்பூர்காரர் அப்துல்லாபுரம் வரவே நாற்பது கிலோமீட்டர் சொச்சம். வந்து, சோதனை முடிச்சு, ஏறி, மீனம்பாக்கத்தில் இறங்குற நேரத்துக்கு ரயில்ல போனவர் சென்ட்ரல்ல காபி குடிச்சு முடிச்சிருப்பார்.

உண்மையில் இந்தப் பகுதிக்கு விமானம் யாருக்கு வேணும்னு பாருங்க. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வர்ற நோயாளிகள். ஒரு நாளுக்கு மேல ரயிலில் உட்கார்ந்து வர்றாங்க. அடுத்து, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு வெளிநாட்டிலிருந்து வர்ற ஷூ, தோல் பையர்கள். அவங்க எப்படியும் சென்னையில்தான் இறங்குவாங்க. அங்கிருந்து காரில் வந்துடுவாங்க. சரக்கு கண்டெய்னரில் சென்னை துறைமுகத்துக்குப் போகுது. அதுக்கும் சின்ன விமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. கல்கத்தா சுமார் 1,400 கிலோமீட்டர். அங்கிருந்து நிறைஞ்ச விமானம் நேரா வரணும்னா ஏர்பஸ் ஏ320 அளவு வேணும், ஓடுபாதை 2,000 மீட்டருக்கு மேல வேணும்.

நடுவில் ஒரு வழி இருக்கு. எழுபது பேர் ஏறுற ஏடிஆர் 72. ஹைதராபாத், கொச்சி எட்டும், அங்கே விமானம் மாறிக்கலாம். அதுக்குச் சுமார் 1,400 மீட்டர் ஓடுபாதைன்னு வச்சுக்கோங்க. ஆனா நிலக் கணக்கு 600 மீட்டர் தாரோட முடியாது. ஓடுபாதையின் ரெண்டு முனையிலும் 60 மீட்டர் ஸ்ட்ரிப், அதுக்கப்புறம் குறைஞ்சது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. மழையிலும் மூட்டத்திலும் கருவிகளை வச்சு இறங்கணும்னா அகலம் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 140 மீட்டர். 1,700-ஐ 280-ஆல் பெருக்கிப் பாருங்க, ஓடுபாதைக்கு மட்டும் ஏறக்குறைய 118 ஏக்கர். டெர்மினல் தனி. சுத்தி மலை இருக்கிற ஊரில் விமானம் இறங்குற பாதையில் எது உயரமா நிக்குதுன்னு வேற பார்க்கணும். இதெல்லாம் சரியா இருந்தாத்தான் டிஜிசிஏ உரிமம்.

டாக்ஸிவே பத்தியும் கேட்டிருந்தாங்க. ஓடுபாதைக்கு இணையா டாக்ஸிவே இல்லேன்னா, இறங்கின விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி வரணும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு விமானம் வர்ற இடத்தில் அது பிரச்சனையே இல்லை. மனு எழுதுறவங்க அதைச் சேர்க்காம இருக்கலாம்.

கட்டினா விமானம் வந்துடுமா? 2023-ல் வந்த சிஏஜி அறிக்கையைப் பாருங்க. உடானின் முதல் மூணு சுற்றுகளில் ஒதுக்கின 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கின 371-ல் 112 மட்டும்தான் மூணு வருஷத்தை முடிச்சது. அதுக்கப்புறமும் ஓடினது 54. சேலத்தையே எடுத்துக்கோங்க. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்டுச்சு, அப்புறம் நின்னு போச்சு. 2023 அக்டோபரில்தான் திரும்ப விமானம் வந்தது. சேலத்தில் ஓடுபாதை இருந்ததால அடுத்த நிறுவனம் வர முடிஞ்சது. வேலூரில் 19 சீட் நிறுவனம் போயிட்டா அடுத்து வர ஆளே ரொம்பக் குறைவு.

இந்தத் தோல் பகுதிக்கு மானியம் ஒண்ணும் புதுசில்லை. 1990-கள்ல டேனரிகள் சேர்ந்து பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினப்போ மத்திய அரசு 25 சதவீதம், மாநிலம் 25 சதவீதம், மீதிப் பாதி வங்கிக் கடனும் முதலாளிகள் கைக்காசும். 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் தப்பிக்க வழியும் இல்லை. கைக்காசு போட்டதால குழாய் எங்கே போகணும், எந்த மோட்டார் வாங்கணும்னு அவங்க சண்டை போட்டாங்க. ஏர்போர்ட்டில் இந்த ஊர்க்காரங்க பங்கு எதுவும் இல்லை. அதனாலதான் எந்த விமானம், எந்த ஊருக்குன்னு அவங்களை யாரும் கேட்கலைன்னு நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சின்ன விமான நிலையங்களுக்கு ஓடுபாதைச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு தரும். ஆனா விண்ணப்பிக்கிறது அந்த ஊர் நிர்வாகம். மீதியை அது கண்டுபிடிக்கணும். பணம் வாங்கினா, 20 வருஷம் வரைக்கும் விமான நிலையத்தை ஒழுங்கா நடத்துவேன்னு எழுதிக் கொடுக்கணும். நம்ம ஊரில் எம்பி, கலெக்டர் வழியா மனு போகும். அதுவும் 2019-ல் மாவட்டம் மூணாப் பிரிஞ்சதிலிருந்து ஆம்பூர் மனு திருப்பத்தூரிலிருந்தும், ராணிப்பேட்டை மனு அங்கிருந்தும் தனித்தனியா போகுது.

2025 பட்ஜெட்டில் மாற்றியமைக்கப்பட்ட உடான்னு 120 புது ஊர்களுக்கு அறிவிச்சிருக்காங்க. அதனால திரும்பவும் மனு எழுதுற காலம் இது. "ஓடுபாதையை நீட்டிக்க நிதி வேண்டும்"னு ஒற்றை வரி போட்டா, இன்னொரு ஐம்பது மீட்டர் தார் வரும், அவ்வளவுதான். ஏடிஆர் இறங்கணும், இத்தனை ஏக்கரை மாநிலம் எடுத்துத் தரணும், ஹைதராபாத் தடத்துக்கு ஆஸ்பத்திரியும் தொழிற்சங்கங்களும் மாசம் இத்தனை சீட் வாங்க உறுதி தர்றோம்னு மூணு மாவட்டமும் சேர்ந்து எழுதட்டும். நிலம் கிடைக்காதுன்னா அதையும் வெளிப்படையா சொல்லிட்டு வேற ஒண்ணு கேட்கலாம். பெரிய விமானங்கள் இறங்குற திருப்பதி நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னையின் ரெண்டாவது விமான நிலையம் திட்டமிட்டபடி பரந்தூரில் வந்தா அது மீனம்பாக்கத்தை விட வேலூருக்குப் பக்கம். ஸ்ட்ரெச்சரோட ஏறக்கூடிய ஒரு பஸ், மீனம்பாக்கத்திலிருந்து நேரா சிஎம்சி வாசல் வரைக்கும். கல்கத்தாவிலிருந்து வர்ற நோயாளிக்கு இன்னிக்கே உதவுறது அதுதான். அதுக்கு டிஜிசிஏ உரிமமும் தேவையில்லை.