பலகைக்கல் வீடு

இங்கிலாந்தின் வடமேற்கே மலைகளும் ஏரிகளும் நிறைந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. அதனை ஏரி மாவட்டம் என்பர். அந்நாட்டில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே நியர் சாரே என்னும் சிற்றூரில், 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற உழவர் இல்லம் ஒன்று இன்றும் நிலைத்திருக்கிறது. அதன் பெயர் ஹில் டாப் என்பதாகும்.

அவ்வட்டாரத்து உழவர், வீடு கட்டுதற்குரிய பொருளைத் தொலைவில் தேடினாரல்லர். அருகிலுள்ள மலையின் பலகைக்கல்லே சுவருக்கும் கூரைக்கும் பயன்பட்டது. முன்னாளில் மாணவர் எழுதிய சிலேட்டும் இக்கல் வகையைச் சேர்ந்ததே. இதனை மெல்லிய தகடுகளாகப் பிளக்கலாம். நீர் இதனுள் எளிதிற் புகாது. கூரையின் அடியிற் பெரிய தகடுகளையும், மேலே செல்லச் செல்லச் சிறிய தகடுகளையும், மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்றே மூடுமாறு வேய்வர். ஆதலால் பெருங்கற்களின் சுமையைச் சுவரே தாங்கிக்கொள்ளும்.

சுவர்களை இருமுகமாக எழுப்பி, இடைவெளியைச் சிறு கற்களால் நிரப்புவர். ஹில் டாப்பின் புறச்சுவர்மீது சுண்ணாம்பும் பொடிக்கல்லும் கலந்த சாந்து பூசப்பட்டுள்ளது. வாயிலின் முன்னே பெரிய பலகைக்கற்களை நிறுத்தி அமைத்த சிறு முகப்பு, காற்றையும் மழையையும் தடுக்கிறது. உள்ளே நுழைந்தவுடன் கணப்பு அமைந்த கூடத்தைக் காணலாம். சமைத்தற்கும் குளிர்காய்தற்கும் அக்கணப்பே உதவியது.

1905ஆம் ஆண்டில் இப்பண்ணையை விலைக்கு வாங்கியவர், குழந்தைகளுக்கான கதைகளை எழுதிப் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார். தம் நூல்களால் ஈட்டிய பொருளோடு, உறவினர் வழி வந்த சிறு தொகையையும் சேர்த்து அதனை வாங்கினார். அங்கே பண்ணைத் தொழிலை நடத்திவந்த குடும்பத்தை அவர் வெளியேற்றவில்லை. அவர்களுக்கென 1906இல் வீட்டின் ஒரு பக்கத்தே புதிய பகுதியைக் கட்டுவித்தார். பழைய பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டார். இவ்வாறு வீடும் நிலைத்தது; உழவும் தொடர்ந்தது.

பின்னர் அவர் மேலும் பல பண்ணைகளை வாங்கினார். ஏரிக்கரைகளிற் செல்வரின் மாளிகைகள் பெருகி வந்த காலம் அது. 1943இல் மறைந்தபோது 14 பண்ணைகளையும், 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும், பழஞ்சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். மலைப்பண்ணைகளில் அவ்வட்டாரத்துக்கே உரிய ஹெர்ட்விக் ஆடுகளை வளர்த்துவர வேண்டும் என்றும் விருப்ப ஆவணத்திற் குறித்திருந்தார். ஹில் டாப் 1946 முதல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

உழவரும் ஆடுகளும் அகன்றபின் உழவர் இல்லம் வெறுங்கட்டடமாகிவிடும். ஆதலின், பழைய வீட்டைக் காக்க விரும்புவோர், அவ்வீட்டை உண்டாக்கிய தொழிலையும் உடன்காத்தல் வேண்டும்.