மனைவிக்கு மாதச் சம்பளம்: ஒரு ஜப்பானியக் காதல் தொடரும் நம்ம வீட்டுக் கணக்கும்

ஜப்பானியக் காதல் தொடர்னு சொன்னாலே செர்ரிப் பூ, ரயில் நிலையம், மழை, கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சொல்லாத காதல், இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் தொடரில் முதல் எபிசோடிலேயே கதாநாயகன் கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறான். ஒரு இல்லத்தரசிக்கு மாதம் எவ்வளவு சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கிட்டத்தட்ட இருபது வருஷமாக மென்பொருள் துறையில் குப்பை கொட்டுகிற எனக்கு, அந்த இடத்திலேயே தொடர் பிடித்துவிட்டது.

தொடரின் முழுப் பெயர் ‘நிகேரு வா ஹஜி தா கா யாகு நி தாட்சு’. ஜப்பானில் சுருக்கமாக ‘நிகேஹஜி’ என்பார்கள். ‘ஓடிப்போவது வெட்கக்கேடுதான், ஆனாலும் உதவும்’ என்று அர்த்தம். இது ஜப்பானியப் பழமொழிகூட இல்லை, ஹங்கேரி நாட்டுப் பழமொழி. ட்சுனாமி உமினோ வரைந்த மாங்கா கதையை வைத்து அகிகோ நோகி திரைக்கதை எழுத, டிபிஎஸ் தொலைக்காட்சியில் 2016 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஒளிபரப்பானது. மொத்தமே 11 எபிசோடுகள். முதல் வாரம் சுமார் 10 சதவீதமாக இருந்த பார்வையாளர் அளவு கடைசி வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது.

கதை என்ன?

மிகுரி என்ற பெண் உளவியலில் முதுகலை முடித்தவள். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு அலுவலகத்தில் இருந்தவளை அங்கிருந்தும் நீக்கிவிடுகிறார்கள். அப்பா தனக்குத் தெரிந்த ஹிராமாசா என்பவரின் வீட்டில் வாரம் ஒருமுறை வீட்டுவேலை பார்க்கும் வேலையைப் பிடித்துக் கொடுக்கிறார். ஹிராமாசா ஒரு சிஸ்டம்ஸ் எஞ்சினியர். முப்பது வயதைத் தாண்டியும் காதல் பக்கமே போகாதவன், ‘நான் தொழில்முறை பிரம்மச்சாரி’ என்று தன்னையே தேற்றிக்கொள்கிற ஆள். மிகுரியின் பெற்றோர் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோக முடிவு செய்ததும் அவளுக்குத் தங்க இடம் இல்லாமல் போகிறது. அப்போதுதான் அவள் ஒரு யோசனை சொல்கிறாள்: ‘என்னை மனைவியாக வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.’

ஊருக்குத் தம்பதி, வீட்டுக்குள் முதலாளியும் ஊழியரும். வேலை நேரம், விடுமுறை, செலவுப் பங்கீடு எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம். மாதச் சம்பளம் 1,94,000 யென். அன்றைய மதிப்பில் சுமார் 1.2 லட்சம் ரூபாய்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் துருவிப் பார்த்தேன். ஜப்பான் அரசின் அமைச்சரவை அலுவலகம், சம்பளமில்லாத வீட்டுவேலையின் மதிப்பை அவ்வப்போது கணக்கிட்டு வெளியிடுகிறது. அதன்படி ஒரு முழுநேர இல்லத்தரசி வருஷத்துக்கு 2,199 மணி நேரம் உழைக்கிறார், அதன் மதிப்பு 30,41,000 யென். வகுத்தால் மணிக்குச் சுமார் 1,383 யென். நாளைக்கு 7 மணி நேரம், மாதம் 20 நாள் என்று பெருக்கினால் 1,93,620 வருகிறது. தொடரில் சொல்லும் சம்பளத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு காதல் கதைக்குள் அரசாங்கப் புள்ளிவிவரத்தை இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் ‘ங்க’

ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் காணாமல் போகும். தமிழ்க் காது கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டால் பிடித்துவிடலாம். இருவரும் முதலில் ஒருவரையொருவர் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைக்கிறார்கள். ஊருக்குத் தம்பதி ஆன பிறகு அது ‘ஹிராமாசா-சான்’, ‘மிகுரி-சான்’ என்று மாறுகிறது. வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘தெஸ்’, ‘மாஸ்’ என்ற மரியாதை விகுதிகள் மட்டும் மாறுவதே இல்லை. காதல் வந்த பிறகும், கட்டிப்பிடித்த பிறகும், சண்டை போடும்போதும் இருவரும் ‘வாங்க, போங்க’தான்.

நம்ம ஊரில் இது எப்படி இருக்கிறது? தொரப்பள்ளியில் எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிறது. மூன்றிலும் மரியாதைக்கு ஒரு ‘நீங்க’வும் உரிமைக்கு ஒரு ‘நீ’யும் உண்டு. எந்த மொழி பேசும் வீடாக இருந்தாலும் பழைய தலைமுறையில் கணக்கு ஒன்றுதான்: மனைவி கணவனை ‘நீங்க’, கணவன் மனைவியை ‘நீ’. மரியாதை ஒருவழிப் பாதை. இப்போதைய பிள்ளைகள் இரண்டு பக்கமும் ‘நீ’, ‘டா’, ‘டீ’ என்று சமன் செய்துகொள்கிறார்கள். இரண்டு பக்கமும் ‘ங்க’ போட்டுப் பேசும் தம்பதி அபூர்வம்.

மிகுரிக்கு அந்த மரியாதை எப்படிக் கிடைத்தது? என்னுடைய வாசிப்பு இதுதான்: ஒப்பந்தத்தால் கிடைத்தது. அவள் செய்வது வேலை, அதற்கு நேரமும் விலையும் உண்டு என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் சாப்பாடு நன்றாக இருந்தது, வீடு சுத்தமாக இருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொல்கிறான். அவளுக்குச் சம்பளத்தைவிட அந்தச் சொல்தான் முதலில் உறைக்கிறது.

நம்ம நாட்டில் கணக்கு எப்போது திறக்கிறது?

இல்லத்தரசியின் வேலைக்கு விலை போடும் வழக்கம் இந்தியாவிலும் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், பெரும்பாலும் அவர் இறந்த பிறகுதான் போடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் உறவில் ஒரு அத்தை, ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்துபோனார். இழப்பீட்டு வழக்குக்கான காகிதங்களைத் தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ‘தொழில்’, ‘மாத வருமானம்’ என்று இரண்டு கட்டங்கள். அத்தை காலையில் நாலரைக்கு எழுந்து இரண்டு மாட்டுக்குப் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, ஏழு பேருக்குச் சமைத்து, மத்தியானம் ரோஜாத் தோட்டத்துக்கும் போய் வருவார். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, ‘பால் ஊத்தின ரசீது இருக்கா?’ இருந்தது. எல்லாமே மாமா பெயரில் இருந்தது. ‘அப்போ இல்லத்தரசின்னு போடுங்க, வருமானத்தை கோர்ட்டே ஊகமா எடுத்துக்கும்’ என்றார் வக்கீல். முப்பது வருஷ உழைப்புக்கு அரைப்பக்கம்கூடச் சான்று இல்லை.

அதன் பிறகுதான் இந்த ‘ஊகம்’ எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அட்டவணை, சம்பாதிக்காத மனைவி இறந்தால் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய வருமானமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. அதாவது ஒரே சாம்பார், ஒரே துணி துவைப்பு, ஆனால் மேனேஜர் மனைவி செய்தால் ஒரு விலை, லோடுமேன் மனைவி செய்தால் வேறு விலை.

1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. இல்லத்தரசிகளின் பலவிதமான சேவைகளைக் கணக்கில் எடுத்து மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2010-ல் இன்னொரு விபத்து வழக்கில் நீதிபதி ஏ.கே. கங்குலி மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே கடிந்துகொண்டார். சமைப்பது, பிள்ளை வளர்ப்பது போன்ற வேலை செய்யும் கோடிக்கணக்கான பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் ஆகியோரோடு ஒரே பட்டியலில் ‘வேலை செய்யாதவர்கள்’ என்று போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். 2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா, இல்லத்தரசிக்கு ஊக வருமானம் நிர்ணயிப்பது அவர்களுடைய உழைப்பை அங்கீகரிப்பதும் ஆகும் என்று தனியாக விளக்கி எழுதினார்.

அவர் அந்தத் தீர்ப்பில் எடுத்தாண்டது 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை. அதன்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்று வந்திருக்கிறது. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்! ஜப்பான் இதில் ஒன்றும் யோக்கியம் இல்லை. ஓஇசிடி ஒப்பீட்டில் அங்கே சம்பளமில்லாத வேலை பெண்களுக்கு 224 நிமிடம், ஆண்களுக்கு 41 நிமிடம். நிகேஹஜி அந்த ஊரில் அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது.

உயிரோடு இருக்கும்போதே

தமிழ்நாட்டில் 2023-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டும் அந்தக் கணக்கை உயிரோடு இருக்கும் பெண்ணுக்காகத் திறந்தவை.

முதலாவது, 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குப் பங்கு உண்டா என்பது வழக்கு. அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் இவரால் வேலைக்குப் போக முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலையில் நம்ம பக்கத்து மாவட்டமான தருமபுரியின் தொப்பூரில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். செப்டம்பர் 15-லிருந்து ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ‘உதவி’ என்று இல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆயிரம் ரூபாய் போதுமா? ஹிராமாசா மாதிரி நாமும் ஒரு கணக்குப் போடலாம். 299 நிமிடத்தை 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு வெறும் 60 ரூபாய் என்று குறைவாகவே எடுத்தாலும் நாளைக்கு 300, மாதம் 9,000. அதில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் அரசு தருகிறது. மிச்ச எட்டுப் பங்கு யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதற்குப் பதில் வீட்டுக்கு வீடு தெரியும்.

காதல் வந்தால் சம்பளம் நின்றுவிடுமா?

மறுபடி தொடருக்கு வருகிறேன். (கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.)

ஒப்பந்தத் தம்பதிக்குள் நிஜமாகவே காதல் வருகிறது. செவ்வாய்க்கிழமை கட்டிப்பிடிக்கும் நாள் என்று அதற்கும் அட்டவணை போட்டு, மெதுவாக நெருங்குகிறார்கள். பத்தாவது எபிசோடில் ஹிராமாசாவுக்கு வேலை போகும் நிலை. நல்ல ஓட்டலில் உட்கார்ந்து, முறைப்படி கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கேட்கிறான். கூடவே, அப்படிச் செய்தால் அவளுக்குக் கொடுக்கும் சம்பளம் மிச்சமாகும், இருவரும் சேமிக்கலாம் என்று விரிதாளைக் காட்டுகிறான். மிகுரி முகம் மாறுகிறது. உங்களை எனக்குப் பிடிக்கும் என்பதாலேயே நேற்றுவரை சம்பளம் கொடுத்த வேலையை இன்று முதல் இலவசமாக வாங்கிக்கொள்வீர்களா, இது அன்பைச் சுரண்டுவது இல்லையா என்கிற அர்த்தத்தில் கேட்கிறாள். எந்தக் காதல் தொடரிலும் கல்யாணப் பேச்சுக்கு இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

ஹிராமாசா கெட்டவன் இல்லை. அவன் கணக்கில் தப்பும் இல்லை. ஒரு வரியை அழித்தால் செலவு குறையும் என்பது எந்த எஞ்சினியருக்கும் தெரிந்ததுதான். அந்த வரி யாருடைய உழைப்பு என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை. கடைசி எபிசோடில் அவர்கள் கண்டுபிடிக்கும் வழி, வீட்டை ஒரு நிறுவனமாகவும் தங்களைக் கூட்டு நிர்வாகிகளாகவும் வைத்துக்கொள்வது. கூட்டம் போட்டு, எந்த வேலை யாருக்கு என்று பிரித்து, ஒத்துவராததைத் திரும்பப் பேசுகிறார்கள். அதிலும் சண்டை வருகிறது. ஆனாலும் இப்போது இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி வேலை மேசைமேல் இருக்கிறது.

வீட்டுவேலைக்கு விலை போட்டால் பாசம் கெட்டுப்போகும் என்று நிறைய பேர் சொல்வார்கள். நானும் எங்கள் வீட்டில் பேசிப் பார்த்தேன். ‘அம்மா சமைக்கிறதுக்கு பில்லு போடுவியா?’ என்று என் அம்மாவே கேட்டார். பில் போட வேண்டியதில்லை, நேரம் எழுதினால் போதும் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் எக்செல்லில் எழுதினோம். அம்மாவுக்கு 38 மணி நேரம். காலை 6 மணிக்கே ஃபேக்டரி பஸ் ஏறுகிற என் மனைவிக்கு 29. எனக்கு 9, அதில் இரண்டு மணி நேரம் அந்த எக்செல்லை வடிவமைத்தது! அம்மா தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இதைப் பிரிண்டு எடுத்துக் குடு’ என்றார். இப்போது அது அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பாசம் கெட்டதாகத் தெரியவில்லை. ராத்திரிப் பாத்திரம் மட்டும் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது.

தொடர் கிடைத்தால் பாருங்கள். முடிந்தால் வீட்டோடு உட்கார்ந்து பாருங்கள். அதைவிட முக்கியமாக, பால் சொசைட்டிப் புத்தகம், நிலத்துப் பட்டா, வங்கிக் கணக்கு, இதிலெல்லாம் உழைக்கிறவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதைச் சரிசெய்ய ஒரு விபத்து வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.