பழுதான கேம் பெட்டி: திருத்துவதா, விற்பதா, புதிது வாங்குவதா?

பதுளை பஸாரில் இலத்திரனியல் சாமான் வியாபாரம் செய்பவன் என்ற வகையில், பாடசாலை விடுமுறை முடிந்ததும் என்னிடம் வந்து குவியும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையின் பிளேஸ்டேஷன் வேலை செய்யவில்லை. திருத்துவதா, வந்த விலைக்குக் கொடுப்பதா, புதிது எடுப்பதா?" என்பதே அது. விளையாட்டுச் சாமான்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஊவாவில் உள்ள இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை வளைகுடாவில் உழைக்கும் வாப்பாவோ, உம்மாவோ, மாமாவோ கொண்டுவந்தவை அல்லது அனுப்பியவை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபா. பின்னர் வந்த உயர்வைச் சேர்த்தாலும், பாவித்த பெட்டி ஒன்றின் விலை ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடக் கூடியது. ஆகவே இந்த முடிவை ஒரு வியாபாரி எடுப்பதுபோல கணக்குப் பார்த்தே எடுக்க வேண்டும்.

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள்

"இதை ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தோம், எப்படி 15,000 ரூபாவுக்குக் கொடுப்பது?" என்று பலர் தயங்குவார்கள். போன காசு போனதுதான். அது திருத்தினாலும் வராது, விற்றாலும் வராது. அதிலும் 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், ஓரிரு மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அதற்கு முன் வாங்கிய விலையை இன்றைய விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நமக்குத் தேவையானவை மூன்று விலைகள் மாத்திரமே.

ஒன்று, அதே மொடல் பெட்டி நல்ல நிலையில் இன்று பஸாரில் என்ன விலை போகிறது என்பது. இரண்டு, பழுதான நிலையில் உங்கள் பெட்டிக்கு என்ன கொடுப்பார்கள் என்பது. மூன்று, திருத்துவதற்கு மொத்தமாக என்ன முடியும் என்பது.

உதாரணத்துக்கு, நல்ல நிலையிலுள்ள பி.எஸ்.4 ஒன்று 45,000 ரூபா என்றும், பழுதானது 15,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30,000. பழுதானதை விற்றுவிட்டு அதே போன்ற இன்னொன்றை எடுத்தால் கையிலிருந்து போவதும் இதே 30,000 தான். திருத்தி விற்றால் கூடுதலாகக் கிடைப்பதும் இதே 30,000 தான். ஆகவே நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிறவராக இருந்தாலும் விற்கப் போகிறவராக இருந்தாலும் அளவுகோல் ஒன்றே. திருத்தக்கூலி 8,000, போக்குவரத்துச் செலவு 3,000, ஆக 11,000 என்றால் யோசிக்காமல் திருத்தலாம். கூலியே 22,000 என்றால் மீதமாவது 5,000 மட்டும். அதற்காக ஒரு மாதம் அலைய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்லாப் பழுதும் நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. இத்தகைய பழுதில் பத்துக்கு ஐந்து பெட்டிதான் பிழைக்கும் என்று திருத்துநர் சொன்னால், அந்த 30,000 ஐ 15,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். "சரிவராவிட்டால் கூலி இல்லை" என்று அவர் ஒப்புக்கொண்டால் மாத்திரமே முழுத் தொகையையும் வைத்துப் பார்க்கலாம்.

கொழும்பு போவதானால் அதையும் கணக்கில் சேருங்கள். பதுளையிலிருந்து தரைவழியாக ஏறத்தாழ 230 கிலோமீற்றர். போக ஒரு நாள், எடுத்துவர ஒரு நாள் என்றால் இரண்டு நாள் கூலியும் போகும். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் பதுளைக்கு வருவதே ஒரு செலவு.

எந்தப் பழுது எப்படிப்பட்டது?

பழுதின் இனத்தை அறிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

முதலாவது, சிறிய பழுதுகள். கை ரிமோட்டின் குச்சி தானாக ஒரு பக்கம் இழுப்பது, அதன் பெட்டரி சார்ஜ் நிற்காதது, ஹார்ட் டிஸ்க் பழுதாவது, பெட்டி சூடாகிப் பெரும் சத்தத்துடன் நின்றுபோவது ஆகியவை இதில் அடங்கும். பி.எஸ்.4 இல் இருப்பது சாதாரண மடிக்கணினியில் போடும் இரண்டரை அங்குல டிஸ்க்தான். எவரும் மாற்றலாம். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே அடைந்த தூசும், சிப்பின் மேலுள்ள பசை காய்ந்துபோனதும்தான். நமது பகுதியில் விறகடுப்புப் புகைக்கரியும் சேர்ந்துகொள்ளும். லயத்து அறைகளில் அடுப்பும் டீவியும் அருகருகே இருக்கும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். இன்னொன்று கரப்பான் பூச்சி. குளிர் காலத்தில் சூடான இடம் தேடி பவர் சப்ளைக்குள் குடியேறி ஷோர்ட் ஆக்கிவிடும். இவையெல்லாம் திருத்த வேண்டிய பழுதுகள்.

இரண்டாவது, நடுத்தரப் பழுதுகள். பெட்டி எரிகிறது, வெள்ளை வெளிச்சம் நிற்கிறது, ஆனால் டீவியில் படமில்லை என்றால், எச்.டி.எம்.ஐ. வாயிலோ அதன் பின்னாலுள்ள சிறு சிப்பிலோ கோளாறு இருக்கலாம். ஊவாவில் ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். டீவி அன்டனா வயர் வழியாக வரும் மின் அதிர்ச்சி டீவியைத் தாண்டி இந்த வாயிலுக்குள் புகுந்துவிடுகிறது. நுணுக்கமாகப் பற்றவைக்கத் தெரிந்த திருத்துநர் இதைச் சரிசெய்வார்.

மூன்றாவது, பெரும் பழுதுகள். பிரதான போர்டிலுள்ள பெரிய சிப்பின் ஒட்டு விடுவது அல்லது சிப்பே பழுதாவது. இதற்கு உலகறிந்த உதாரணம் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360. 2005 இல் வெளிவந்த அந்தப் பெட்டியில் மூன்று சிவப்பு வெளிச்சம் எரிந்தால் கதை முடிந்தது என்று பொருள். பழுது அவ்வளவு பரவலானதால் 2007 ஜூலையில் அந்நிறுவனம் அதற்கான உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீடித்தது. அதற்காக நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. தயாரித்த நிறுவனத்துக்கே இவ்வளவு செலவென்றால், நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

இந்த வகைப் பழுதுக்குச் சிலர் "ஹீட் அடித்து"த் தருவார்கள். வெப்பக்காற்றால் போர்டைச் சூடாக்கினால் பெட்டி உயிர் பெறும். ஆனால் பெரும்பாலும் சில வாரம், மிஞ்சினால் சில மாதம்தான். இதற்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். இத்தகைய பெட்டியைப் பழுதோடேயே விற்பது நல்லது.

செத்த பெட்டிக்கும் ஏன் விலை?

பழுதான பெட்டியை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். கம்பனிகள் வெளித் திருத்துநர்களுக்கு உதிரிப்பாகமும் போர்டின் வரைபடமும் இலகுவில் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் திருத்தும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தபோதும் கேம் பெட்டிகளுக்கு அதில் விலக்களித்தது. ஆகவே திருத்துநர்கள் செத்த பெட்டியிலிருந்தே பாகம் எடுக்கிறார்கள். பவர் சப்ளை, விசிறி, வெளிக்கூடு, ரிமோட் எல்லாம் பணம்தான்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. பி.எஸ்.4 இன் டிஸ்க் டிரைவிலுள்ள சிறு போர்ட், அந்தப் பெட்டியின் பிரதான போர்டோடு சோடி சேர்க்கப்பட்டது. வேறு பெட்டியின் டிரைவை அப்படியே போட்டால் டிஸ்க் ஓடாது. பழைய சிறு போர்டை வைத்துக்கொண்டே மற்றப் பாகங்களை மாற்ற வேண்டும். திருத்தக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அடகுக் கடைக்குப் போகுமுன்

லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் பி.எஸ்.4 ஒன்றைச் சாக்குப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். மனைவி குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பியது. இடிக்குப் பிறகு படமில்லை.

"முதலாளி, இத வந்த வெலைக்கு எடுத்துக்கங்க. அவ சங்கிலிய அடகு வச்சி புதுசு ஒன்னு எடுக்கலாமுன்னு இருக்கேன். அம்மா அனுப்பினது போச்சேன்னு பய அழுவுறான்" என்றார்.

"தம்பி, அவசரப்படாதீங்க. வேற டீவில போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. சில சமயம் கருகியிருப்பது டீவியின் வாயிலாகவும் இருக்கும். எனது கடை டீவியில் போட்டோம், படம் வரவில்லை. டிஸ்கைப் போட்டால் உள்ளே இழுத்துச் சுழற்றியது. வெளிச்சமும் வெள்ளையாகவே நின்றது. ஆகவே பெட்டியின் மூளைக்குச் சேதமில்லை என்று ஊகித்து, பஸாரிலுள்ள ஒரு திருத்துநரிடம் அனுப்பினேன். வாயிலையும் சிப்பையும் மாற்றியதும் சரியானது. செலவு அவருடைய ஒரு வாரக் கூலி அளவுதான். சங்கிலி வீட்டிலேயே இருந்தது.

விளையாட்டுப் பெட்டிக்காக நகையை அடகு வைத்தோ, வட்டிக்குத் தவணையிலோ புதிது எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு எனது பதில் ஒன்றே: வேண்டாம். வட்டி மார்க்க ரீதியில் கூடாது என்பது ஒரு புறம். வியாபாரக் கணக்கிலும், வருடா வருடம் விலை குறையும் ஒரு சாமானுக்காக, விலை ஏறக்கூடிய தங்கத்தைப் பணயம் வைப்பது நட்டம்.

புதிது வாங்குவது எப்போது சரி?

பிள்ளை விளையாட விரும்பும் கேம்கள் பழைய பெட்டிக்கு வருவது நின்றிருந்தால், அல்லது பிரதான போர்டே போயிருந்தால், கையில் மேலதிகக் காசு இருக்குமிடத்து மாற்றலாம். பி.எஸ்.4 வெளிவந்தது 2013 இல், பி.எஸ்.5 வந்தது 2020 இல். டிஸ்க் டிரைவ் உள்ள பி.எஸ்.5 இல் பி.எஸ்.4 டிஸ்குகளில் மிகப் பெரும்பாலானவை ஓடும். ஆகவே இருக்கும் டிஸ்குகளை விற்றுவிடாதீர்கள். வெளிநாட்டில் வாங்கும்போது, அங்குள்ள உத்தரவாதம் பொதுவாக இங்கே செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய பெரிய பி.எஸ்.2 போன்றவை 100 வோல்ட்டுக்கானவை. நமது 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் அன்றே கருகும். பின்புறத்தில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுச் சொருகுங்கள்.

விற்பவரும் வாங்குபவரும்

விற்குமுன், பெட்டி வேலை செய்யும் நிலையிலிருந்தால், சேமித்த விளையாட்டுகளை யூ.எஸ்.பி. யில் பிரதி எடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதையும் அழித்துவிடுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் வங்கி அட்டை விபரமும் இருக்கலாம்.

பழுதை மறைத்து விற்காதீர்கள். ஹீட் அடித்து உயிர் கொடுத்த பெட்டியை "நல்ல சாமான்" என்று கொடுப்பது, அடியில் நனைந்த தானியத்தை மேலே காய்ந்த தானியத்தால் மூடி விற்பதற்குச் சமம். நமது மார்க்கம் அதை வன்மையாகத் தடுத்திருக்கிறது. பழுதைச் சொல்லி விற்றால் விலை குறையும், ஆனால் பரக்கத் இருக்கும். வாங்கியவர் மறுபடியும் உங்கள் கடைக்கே வருவார்.

வாங்குபவர், பெட்டியை அரை மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சூட்டுப் பழுதும் ஒட்டுப் பழுதும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. இணையத்தில் கணக்கைத் திறந்து பாருங்கள். கம்பனியால் தடைசெய்யப்பட்ட பெட்டியானால் அப்போதே தெரிந்துவிடும். கடையில் வாங்கினால் பில்லும், உத்தரவாதத்தை எழுத்திலும் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வதற்கும் அந்தத் துண்டுதான் ஆதாரம்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வைத்தியம். வானம் இருண்டதும் பெட்டியின் பிளக்கை மட்டுமல்ல, எச்.டி.எம்.ஐ. வயரையும் டீவியின் அன்டனா வயரையும் கழற்றிவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் சேர்ஜ் கட் பிளக்கை நம்பியிருக்க வேண்டாம். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். திருத்துநரிடம் கொடுக்கும் காசில் பெரும் பகுதி இந்த இரண்டு நிமிட வேலையால் மிச்சப்படும்.