ஓடும்போதே ஆஃப் ஆகி, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் கார்... கிராங்க் சென்சாரைக் கவனித்தீர்களா?

விரல் அளவு பாகம்தான். ஆனால், அது சொல்லாமல் இன்ஜினில் ஒரு பொறிகூடப் பிறக்காது. பழுதைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால், நல்ல பாகங்களுக்கெல்லாம் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

காரில் பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியும் புதுசு. ஆனாலும், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் உயிர் பெறுவதில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாலோ, அங்கே சமர்த்தாக ஓடுகிறது.

கார் வைத்திருக்கும் பலரும் பார்த்த சிக்கல் இது. இதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் முக்கியமான சந்தேக நபர், கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார். மெக்கானிக்குகள் சுருக்கமாக 'கிராங்க் சென்சார்' என்பார்கள்.

இன்ஜினுக்கு நேரம் பார்த்துச் சொல்லும் சென்சார்

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறி, காற்று - பெட்ரோல் கலவையை அழுத்துகிறது. அது உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் ஸ்பார்க் பிளக் பொறியைக் கக்க வேண்டும். நேரம் கொஞ்சம் தப்பினாலும் இழுவை குறையும், இன்ஜின் தட்டும், மைலேஜ் அடிவாங்கும்.

அம்பாஸடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டரும் அதற்குள் இருக்கும் பாயின்ட் செட்டும் பார்த்துக்கொண்டன. டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் லேசாகத் திருப்பியே மெக்கானிக் 'டைமிங்' வைத்துவிடுவார். அதன்பிறகு, இந்தப் பொறுப்பு கம்ப்யூட்டரின் கைக்குப் போனது. பொறி, பெட்ரோல் இரண்டையும் ஒரே டிஜிட்டல் மூளையின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த போஷ் நிறுவனத்தின் 'மோட்ரானிக்' அமைப்பு, 1979-ல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் அறிமுகமானது. இன்றைய கார்களில் அந்த மூளைதான் இ.சி.யு.

மூளை இருந்தால் போதாது, கண் வேண்டுமே! பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று இ.சி.யு-வுக்குக் காட்டும் கண்தான் கிராங்க் சென்சார்.

கிராங்க்‌ஷாஃப்ட்டோடு சேர்ந்து பல்லுள்ள ஒரு சக்கரம் சுற்றும். பல கார்களில் இது 60 பற்களுக்கான இடம் கொண்ட சக்கரம். ஆனால், 2 பற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு 58 பற்கள் மட்டுமே வைத்திருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி கணக்கு. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். பல் இல்லாத இடைவெளி வரும்போது, 'இதோ, ஒரு சுற்று முடிந்தது' என்று இ.சி.யு புரிந்துகொள்ளும். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்-ல் ஓடினால், கிராங்க் விநாடிக்கு 50 முறை சுற்றுகிறது. அதாவது, விநாடிக்கு 2,900 துடிப்புகள்!

சிக்னல் நின்றால் என்ன ஆகும்?

துடிப்பு வரவில்லையென்றால், இன்ஜின் சுற்றவில்லை என்று இ.சி.யு முடிவு செய்துவிடும். உடனே பொறியை நிறுத்தும், இன்ஜெக்டரை மூடும், பெரும்பாலான கார்களில் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தையும் துண்டித்துவிடும். விபத்து நேர்ந்து இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது. சில கார்களில் மட்டும் கேம்‌ஷாஃப்ட் சென்சாரின் உதவியோடு, நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு இன்ஜின் தட்டுத் தடுமாறி ஓடும்.

குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். 'பெட்ரோல் வரலை... அப்போ பம்ப் போச்சு' என்று ஒருவர் பம்ப்பை மாற்றுவார். 'பொறி வரலை... காயில் போச்சு' என்று இன்னொருவர் இக்னிஷன் காயிலை மாற்றுவார். பொறி, பெட்ரோல் இரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போயிருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்?

சூடானால் மட்டும் ஏன் மக்கர்?

பல கிராங்க் சென்சார்களுக்குள் ஒரு காந்தமும், அதைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது, அந்தக் கம்பியிலோ அதன் இணைப்பிலோ மெல்லிய முறிவு விழலாம். சூட்டில் விரிவடையும்போது முறிவு பிரிந்து சிக்னல் நின்றுபோகும். ஆறியதும் முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது நோய் மறைந்துவிடுவதன் ரகசியம் இதுதான். எலெக்ட்ரானிக் சிப் உள்ள 'ஹால்' வகை சென்சார்களும் சூட்டில் இப்படி மக்கர் செய்வதுண்டு.

இந்த அறிகுறிகள் தெரிகிறதா?

* ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஆஃப் ஆவது. ஆறியதும் ஸ்டார்ட் ஆவது.
* ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது.
* ஓடும்போது டேக்கோமீட்டர் முள் திடீரென பூஜ்யத்துக்கு விழுந்து எழுவது.
* காரணமில்லாமல் இன்ஜின் விக்குவது. 'செக் இன்ஜின்' விளக்கு எரிவது.

இவற்றில் ஒன்று இருந்தாலே சென்சார்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

1. முதலில் பேட்டரி: காந்தச் சுருள் வகை சென்சார், இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பலவீனமான சிக்னலைத்தான் கொடுக்கும். பேட்டரி டவுனாகி ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றினால், நல்ல சென்சார்கூடக் கெட்டதுபோலத் தெரியும்.

2. முள்ளைப் பாருங்கள்: செல்ஃப் அடிக்கும்போது பல கார்களில் ஆர்.பி.எம் முள் லேசாக எழும். அது அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால், சில மாடல்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் எழாமலிருப்பதே வழக்கம். எனவே, ஸ்கேனரை மாட்டி 'லைவ் டேட்டா'வில் ஆர்.பி.எம் பார்ப்பதே நம்பகமானது. செல்ஃப் அடிக்கும்போது 150 - 250 என்ற அளவில் காட்டினால், சிக்னல் இ.சி.யு-வுக்குப் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். விடாமல் பூஜ்யமே காட்டினால், சிக்னல் வரவில்லை.

3. கோடைப் படியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்: பி0335 என்ற கோடு, கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது. பி0336, சிக்னல் ஒழுங்காக இல்லை என்கிறது. பி0339, விட்டுவிட்டு வருகிறது என்கிறது. கவனியுங்கள்... இவை 'சர்க்யூட்' என்றுதான் சொல்கின்றன; 'சென்சாரை மாற்று' என்று சொல்லவில்லை. வயர், கனெக்டர், பல் சக்கரம், இ.சி.யு எல்லாமே அந்த சர்க்யூட்டில் அடக்கம். அதேபோல, கோடு எதுவும் பதிவாகவில்லை என்பதாலேயே சென்சார் நல்லது என்றும் ஆகிவிடாது.

4. கண்ணால் பாருங்கள்: கனெக்டரில் ஆயில் கசிந்திருக்கிறதா, பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா, சைலன்சர் குழாய் பக்கம் வயர் உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கிங்கில் நாள்கணக்கில் நின்ற கார் என்றால், எலி கடித்த வயரும் ஒரு முக்கியக் காரணம்.

5. மல்டிமீட்டர் சோதனை: சுருள் வகை சென்சாரில் பொதுவாக சில நூறு ஓம்ஸ் முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம்ஸ் வரை மின்தடை காட்டும். சரியான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் எல்லையில்லா மின்தடை காட்டினால், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. செல்ஃப் அடித்துக்கொண்டே ஏ.சி வோல்ட் பார்த்தால், சிறிய வோல்டேஜ் வர வேண்டும். ஹால் வகையில் ஓம்ஸ் பார்ப்பதில் பயனில்லை. அதற்கு 5 அல்லது 12 வோல்ட் சப்ளை வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, இன்ஜின் சுற்றும்போது சிக்னல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

6. சூடாக்கிப் பாருங்கள்: ஆறிய நிலையில் மீட்டர் நல்ல அளவைக் காட்டலாம். அப்போது ஹேர் டிரையரால் சென்சாரை மெல்லச் சூடாக்கிக்கொண்டே மீட்டரைக் கவனித்தால், ஒளிந்திருக்கும் முறிவு வெளியே வரும். வயரை அசைத்துப் பார்ப்பதும் இதே நோக்கத்துக்குத்தான்.

7. பல் சக்கரமும் இடைவெளியும்: சென்சார் நுனிக்கும் பல்லுக்கும் நடுவே பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான் இருக்கும். நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலும், பல் வளைந்திருந்தாலும் சிக்னல் கெடும். கிளட்ச் வேலை முடிந்து வந்த உடனே இந்தப் பிரச்னை தொடங்கியிருந்தால், அதை மெக்கானிக்கிடம் அவசியம் சொல்லுங்கள். பல கார்களில் இந்தச் சக்கரம் ஃபிளைவீல் பக்கம்தான் இருக்கிறது.

ஆஸிலோஸ்கோப் உள்ள ஒர்க்‌ஷாப் என்றால் இன்னும் சுலபம். 58 பற்களின் அலையும் இடைவெளியும் திரையில் படமாகத் தெரியும். எந்தப் பல் கெட்டிருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். பி0016 என்ற கோடும் சேர்ந்து வந்தால் கதை வேறு. கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். டைமிங் செயின் அல்லது பெல்ட்டையும் பார்த்தாக வேண்டும்.

மாற்றும்போது...

சென்சாரின் விலை மாடலைப் பொறுத்து சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை போகும். பார்ட் நம்பர் பொருந்தும் தரமான பாகத்தையே வாங்குங்கள். உருவத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும், நீளத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் பல் சக்கரத்தில் உரசிவிடும். சில கார்களில் புது சென்சாரை ஸ்கேனர் மூலம் இ.சி.யு-வுக்குப் பழக்கப்படுத்த வேண்டும். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது.

நெடுஞ்சாலையில் ஆஃப் ஆகிவிட்டால்?

பணத்தைவிடப் பெரிய விஷயம் இதுதான். 80 கி.மீ வேகத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகிவிடும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வாக்குவம், ஒன்றிரண்டு அழுத்தலுக்குத்தான் தாங்கும். எனவே, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள். சாவியை உருவவே கூடாது. ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்டு விளக்கைப் போட்டு, வண்டியின் உருண்டோட்டம் இருக்கும்போதே இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் சாலைப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நல்ல தூரத்தில் வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

'ஆறினதும் ஸ்டார்ட் ஆயிடுதே, ஊருக்குப் போய்ட்டு வந்து பார்த்துக்கலாம்' என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை நின்றாலே, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு நின்றது, முள் எப்படி இருந்தது, எவ்வளவு நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது என்று செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை வீடியோ எடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒளிந்துகொள்ளும் கோளாறைப் பிடிக்க, மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.