கரண்டியில் நிற்கும் கூழ்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு போதாமல் போவது ஏன்? பால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கி வந்த இரும்புச்சத்தின் இருப்பு அந்தச் சமயத்தில் கரைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூட இருக்காது. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு அமெரிக்கப் பரிந்துரையோ நாளுக்கு 11 மில்லிகிராம். இரண்டு வாய் பருப்புசாதத்தில் இது கிடைக்காது.

செறிவூட்டிய மாவு வந்தது இதற்காகத்தான். அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைமாவு, வெல்லம் ஆகியவற்றோடு வைட்டமின்களும் தாதுக்களும் அளந்து கலந்திருக்கும். அந்தக் கலப்புதான் செறிவூட்டல். பாதாம், ஏலக்காய் போட்டு வீட்டில் அரைப்பதையும் நாம் சத்துமாவு என்றே சொல்கிறோம். ருசி இருக்கும், சேர்த்த இரும்பு இருக்காது.

இரும்பைக் கலந்துவிட்டால் மட்டும் உடம்பில் ஒட்டிவிடாது. தானியத்தில் உள்ள பைட்டேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினால் பைட்டேட் குறையும். கூழோடு மசித்த தக்காளி, கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது போனாலும் இரும்பு நன்றாகச் சேரும். டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் வழக்கம் நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

அடுத்தது பதம். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம்தான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தை என்றால் ஒரு டம்ளர். ‘எளிதில் செரிக்கட்டும்’ என்று பாட்டிமார் நீர்க்கக் கரைக்கும் கஞ்சியில் அந்த டம்ளர் தண்ணீராலேயே நிறைந்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்துவிடாத கெட்டியில் கிண்டி, மேலே கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ விடலாம். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை, பிறகு 3, 4 வேளை. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

இந்த மாவு பிள்ளையை உயரமாக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ரத்தசோகையைக் குறைப்பதில் இதன் பலன் தெளிவு. உயரத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வளர்த்திக்குப் புரதமும் துத்தநாகமும் போதிய கலோரியும் வேண்டும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் உண்டதெல்லாம் வீண். கர்ப்பகாலத்தில் தாய் சாப்பிட்டதும் கணக்கில் வரும். ரத்தசோகைக்கும் மாவு மட்டும் போதாது: அது கிடைக்கும் தமிழ்நாட்டிலேயே, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

வெல்லம் எனக்கு உறுத்தல்தான். இரண்டு வயதுவரை இனிப்பு சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அதற்காக மாவை ஒதுக்கச் சொல்லமாட்டேன். கிண்டும்போது மேற்கொண்டு சர்க்கரை போடாமல், இன்னொரு வேளை உணவில் மசித்த முட்டையோ முள் எடுத்த மீனோ சேர்த்துவிடுங்கள்.