எங்கும் தரையிறங்காத விமானம்





விமானம் என்றதும் நமது உள்ளத்தில் எழுவது நம்பிக்கையாகும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் பெரியவர்களை நாம் கட்டுநாயக்கவில் வழியனுப்பியிருக்கின்றோம். சவூதியிலும் கட்டாரிலும் டுபாயிலும் உழைக்கும் வாப்பாவோ உம்மாவோ சகோதரரோ விமானத்திலேயே சென்றனர். விமானத்திலேயே திரும்பி வருவர். இந்த நம்பிக்கையின் சின்னம் இன்று கையடக்கத் தொலைபேசியின் திரையில் வேறொரு வேடம் பூண்டு வருகின்றது. விமானம், விமானி, கடவுச்சீட்டு, பயணப் பொதி ஆகிய படங்கள் சக்கரங்களில் சுழல்கின்றன. ஒரே படம் ஒரே வரிசையில் நின்றால் பணம் என்று அறிவிக்கப்படுகின்றது. பயண விளையாட்டுப் போலத் தோன்றும் இதன் பெயர் ஒன்லைன் ஸ்லொட். இதன் உண்மையான பெயர் சூதாட்டம்.

பணம் வைக்காமல் விமானம் ஓட்டிப் பழகும் கணினி விளையாட்டை நாம் இங்கு பேசவில்லை. பணத்தை வைத்து, அது பெருகுமா அழியுமா என்பதைத் தற்செயலிடம் ஒப்படைக்கும் ஆட்டத்தைப் பற்றியே பேசுகின்றோம். அது ஹராம் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். எனினும் அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாத காரணத்தால், ‘ஒருமுறை பார்த்தால் என்ன’ என்று அதனுள் நுழைந்துவிடுகின்றனர். ஆகவே அதன் உள்ளமைப்பை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

சக்கரத்தின் பின்னால் இருப்பது என்ன?

மூன்று சக்கரங்கள் கொண்ட ஸ்லொட் இயந்திரத்தை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்ள்ஸ் ஃபே என்பவர் உருவாக்கினார். அதன் பெயர் ‘லிபர்ட்டி பெல்’. அதில் சக்கரங்கள் உண்மையாகவே சுழன்றன. இன்றைய தொலைபேசித் திரையில் சக்கரமே இல்லை. சக்கரத்தின் படம் மட்டுமே உண்டு. நாம் பொத்தானை அழுத்தியவுடன் ஒரு மென்பொருள் எழுமாறாக ஓர் எண்ணைத் தெரிவு செய்கின்றது. வெற்றியா தோல்வியா என்பது அக்கணமே முடிவாகிவிடுகின்றது. அதன் பின்னர் திரையில் சுழல்வதெல்லாம் முடிந்துபோன தீர்ப்புக்குக் கட்டப்படும் அலங்காரமே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, இரண்டு விமானங்கள் வரிசையில் நின்று மூன்றாவது விமானம் மயிரிழையில் தவறும்போது, ‘கிட்ட வந்துவிட்டது, அடுத்த முறை நிச்சயம்’ என்று உள்ளம் துடிக்கின்றது. உண்மையில் கிட்ட வந்தது எதுவுமில்லை. மயிரிழைத் தோல்வியும் முழுத் தோல்வியே. இரண்டாவது, இம்மென்பொருளுக்கு முந்திய ஆட்டம் நினைவில் இருப்பதில்லை. நூறு முறை தோற்றவருக்கு நூற்றியோராவது முறையில் சலுகை எதுவும் கிடையாது. ‘விட்டதைப் பிடிக்கலாம்’ என்ற எண்ணமே பலரைக் கடனாளியாக்கிய எண்ணமாகும்.

இன்னுமொரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். ஒருவர் 100 ரூபாய் வைத்து ஆடுகின்றார். 40 ரூபாய் திரும்பி வருகின்றது. அவர் இழந்தது 60 ரூபாய். ஆனால் திரையிலோ இசை முழங்குகின்றது, ஒளி சிதறுகின்றது, வாழ்த்துத் தோன்றுகின்றது. தோல்வி வெற்றியின் ஆடை அணிந்து வருகின்றது. சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக அனுமதிக்கும் பிரித்தானியாவே 2021 ஒக்டோபர் முதல் ஒன்லைன் ஸ்லொட்டுகளில் இத்தகைய போலிக் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 வினாடிகள் செல்ல வேண்டும் என்றும் விதித்தது. 2025 இல் அங்கு ஒரு சுழற்சிக்கு வைக்கக்கூடிய தொகையும் மட்டுப்படுத்தப்பட்டது: 25 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 5 பவுண், 18 முதல் 24 வயதுவரை உள்ளோருக்கு 2 பவுண். அனுமதித்தவர்களே அஞ்சும் ஒன்றை நாம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதலாமா?

நூற்றுக்கு 96 என்ற கணக்கு

‘இந்த ஆட்டம் நூற்றுக்கு 96 வீதத்தைத் திருப்பித் தருகின்றது’ என்பது போன்ற அறிவிப்புகளை இளைஞர்கள் கண்டிருப்பீர்கள். நான்கு ரூபாய்தானே நட்டம் என்று எண்ணத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 5,000 ரூபாயுடன் அமர்கின்றார். ஒரு சுழற்சிக்கு 50 ரூபாய் வைக்கின்றார். நிமிடத்துக்குப் பத்துச் சுழற்சிகள் என்றால், ஒரு மணி நேரத்தில் 600 சுழற்சிகள். வென்றதையும் மீண்டும் மீண்டும் வைப்பதால், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வைத்த மொத்தத் தொகை 30,000 ரூபாய். அதில் நூற்றுக்கு 4 வீதம் 1,200 ரூபாய். இந்த வேகத்தில் நான்கு மணி நேரம் ஆடினால் சராசரியாக 4,800 ரூபாய் போய்விடும். கொண்டுவந்த பணம் ஏறக்குறைய முடிந்தது. ஒருநாள் ஒருவர் வெல்லலாம். மற்றொரு நாள் அரை மணி நேரத்திலேயே அனைத்தையும் இழக்கலாம். ஆனால் நாட்கள் கூடக் கூட, கணக்கு ஆட்டத்தை நடத்துபவரின் பக்கமே சாய்கின்றது. அவர் அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பவர் அல்லர். அந்த நான்கு வீதத்தை நம்பியிருப்பவர்.

வானில் ஏறும் சிவப்பு விமானம்

இதற்கு நெருக்கமான வேறொரு வகையும் உண்டு. ஜோர்ஜியா நாட்டில் தோன்றிய ஸ்பிரைப் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ‘ஏவியேட்டர்’ அதற்கு எடுத்துக்காட்டாகும். இதில் சக்கரங்கள் இல்லை. ஒரு சிறிய சிவப்பு விமானம் மேலே ஏறுகின்றது. அது ஏற ஏற வைத்த பணத்தின் பெருக்கமும் கூடுகின்றது. விமானம் பறந்து மறைவதற்கு முன்னர் பொத்தானை அழுத்தினால் பெருகிய பணம் கிடைக்கும். தாமதித்தால் அனைத்தும் போய்விடும்.

இங்கு இளைஞர் ஒருவர், ‘இது அதிர்ஷ்டம் அல்ல, என் திறமை’ என்று எண்ணுகின்றார். எந்த இடத்தில் விமானம் மறையும் என்பது அது புறப்படும்போதே எழுமாறாகத் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. கூரிய கண்ணோ விரைவான விரலோ அதை அறிய முடியாது. இதன் திருப்பித்தரும் வீதம் 97 என்று அறிவிக்கப்படுகின்றது. அதாவது நூற்றுக்கு 3 வீதம் நடத்துபவருக்கே. ‘விமானம் மறையும் நேரத்தை முன்கூட்டியே சொல்கின்றோம்’ என்று சமூக ஊடகங்களில் சமிக்ஞை விற்போரும் உளர். அறிய முடியாததை விற்பது தெளிவான மோசடியாகும்.

மைஸிரும் இன்றைய திரையும்

அல்குர்ஆன் சூதாட்டத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் ‘மைஸிர்’. இலகு எனப் பொருள்படும் ‘யுஸ்ர்’ என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. உழைப்பின்றி இலகுவாக வரும் செல்வம் என்பது அதன் கருவாகும்.

ஜாஹிலிய்யாக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று அம்புகள் வெறுமையானவை. வெறும் அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வதும் அவர்களது வழக்கமாக இருந்தது. ஏழை உண்ட அந்தச் சூதாட்டத்தைப் பற்றியே அல்பகரா அத்தியாயத்தின் 219 ஆம் வசனம், அதில் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பினும் அதன் பாவமே பெரிது என உணர்த்துகின்றது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆம் வசனங்கள் அதை முற்றாகத் தவிர்க்கப் பணித்து, பகைமையும் வெறுப்பும் உண்டாவதையும், அல்லாஹ்வின் நினைவும் தொழுகையும் தடுக்கப்படுவதையும் காரணங்களாகக் காட்டுகின்றன. ஏழைக்கு ஒரு துண்டு இறைச்சிகூடக் கிடைக்காத இன்றைய திரைச் சூதாட்டத்தின் நிலை என்னவென்பதை நீங்களே சிந்தியுங்கள்.

‘வியாபாரத்திலும் இலாப நட்டம் இருக்கின்றதே’ என்று சிலர் கேட்கின்றனர். விமானச் சீட்டு வாங்குபவர் பணத்தைக் கொடுத்துப் பயணத்தைப் பெறுகின்றார். நிறுவனம் சேவையைக் கொடுத்துப் பணத்தைப் பெறுகின்றது. இரு தரப்புக்கும் கைம்மாறு உண்டு. திரையில் பறக்கும் விமானத்துக்குப் பணம் கொடுத்தவர் எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை. ஒருவரது நட்டமே மற்றவரது இலாபமாகின்றது.

‘வா, சூதாடுவோம்’ என்று தோழனை அழைத்தவர் அந்தச் சொல்லுக்காகவே தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அழைப்புக்கே பரிகாரம் என்றால், இணைப்பை நண்பருக்கு அனுப்பித் தரகுப் பணம் பெறுவோர் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைக் காரணம் காட்டுவோரும் உளர். இந்தியா 2025 இல் பணம் வைத்து ஆடும் ஒன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. இலங்கைப் பாராளுமன்றம் அதே ஆண்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை நிறுவும் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டுச் சட்டங்கள் வேறுபடலாம். அனுமதிப்பத்திரம் கிடைத்ததனால் ஹராமான ஒன்று ஹலாலாகிவிடாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

இரவு வெகுநேரம் தொலைபேசியுடன் தனித்திருத்தல், காரணம் கூறாமல் அடிக்கடி கடன் கேட்டல், வங்கிக் கணக்கிலிருந்து சிறு சிறு தொகைகள் தொடர்ச்சியாக வெளியேறுதல், பொருட்கள் காணாமற்போதல், தொழுகையில் சோர்வு என்பன கவனிக்க வேண்டிய அறிகுறிகள். குறிப்பாக, தாய் வெளிநாட்டில் பிறர் வீட்டுச் சமையலறையில் நின்று உழைத்து அனுப்பும் பணம் பிள்ளையின் கையிலுள்ள அட்டையில் இருக்குமானால், அதன் கணக்கை மாதந்தோறும் பிள்ளையுடன் சேர்ந்தமர்ந்து பாருங்கள். ஒரு மாத வியர்வையை ஓர் இரவில் விழுங்க இந்தத் திரை போதுமானது.

அறிந்தவுடன் அடிப்பதாலும் ஊரறிய அவமானப்படுத்துவதாலும் பிள்ளை பொய்யைக் கற்றுக்கொள்ளுமேயன்றித் திருந்துவதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு அடிமைப்படுத்தும் நடத்தை நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. பாவத்துக்குத் தவ்பாவும் நோய்க்குச் சிகிச்சையும் தேவை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். கடன் இருப்பின் பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல், கடன் கொடுத்தவரிடம் நேரடியாகச் செலுத்துங்கள். அட்டையை வங்கியில் அறிவித்து நிறுத்துங்கள்.

இளைஞர்களே! இதில் சிக்கியிருப்பீர்களாயின் இன்றே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்கும் ஒவ்வொரு நாளும் கடன் வளரும் நாளாகும். தவ்பா என்பது செயலை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல். சூதில் வந்த பணம் கையில் எஞ்சியிருந்தால், நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றே உலமாக்கள் வழிகாட்டியுள்ளனர். இழந்த பணத்தைத் தேடி மீண்டும் அத்திரைக்குச் செல்லாதீர்கள். அது போனது போனதுதான். இழக்காதிருக்கும் வயதும் ஆரோக்கியமும் தாய் தந்தையரின் நம்பிக்கையும் இன்னும் உங்களிடம் உள்ளன.

அல்லாஹு தஆலா நம் பிள்ளைகளின் கரங்களையும் உள்ளங்களையும் இத்தீமையிலிருந்து பாதுகாத்து, ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்தருள்வானாக. ஆமீன்.