சுருங்கிய முருகைகள் சொன்ன கிணற்றுக் கதை

லண்டனில் என் வீட்டில் 100 லீற்றர் கடல்நீர்த் தொட்டியொன்றில் உயிர் முருகைகள் வளர்க்கிறேன். இரண்டு மாதங்களில் அவை விரியாமல் சுருங்கி, பழுப்பேறத் தொடங்கின. சோதித்தபோது உப்பு, வெப்பநிலை, கல்சியம் எல்லாம் சரியாக இருந்தன. நைத்திரேற்று மட்டும் ஏறியிருந்தது.

காரணம் குழாய்த் தண்ணீர். தொட்டியில் நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, கரைந்திருப்பவை தங்கிவிடும். குழாய்த் தண்ணீரில் லீற்றருக்கு 25 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தது. 50 நாட்கள் அதையே ஊற்றி நிரப்பினால், தொட்டி நீரிலும் லீற்றருக்கு 25 மில்லிகிராம் கூடிவிடும். முருகையின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு அது உரம். பாசி பெருக, நிறம் மங்கும்.

மருந்து எதுவும் ஊற்றவில்லை. ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணீருக்கு மாறினேன். வாரம் 10 லீற்றர் நீரை அகற்றி, புதிய உப்புநீர் விட்டேன். முருகைகள் மெல்ல விரிந்தன.

குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகள் பல அதைத் தாண்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் அது போகாது. என் தொட்டியில் நடந்ததுபோல, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதை அது தடுக்கக்கூடும். பால்மா கரைக்குமுன் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள்.